பவளத்துக்கு ஒரு வாய்க்கூடை

மேலக்காட்டு ஜமீன்தாரின் குதிரை பவளம் புல்லாகத் தின்று பீப்பாய் மாதிரி ஊதிவிட்டது. சேணத்து வார் அதன் வயிற்றைச் சுற்றி எட்டவில்லை.

ஜமீன்தார் குதிரைக்காரன் ஒச்சனைக் கூப்பிட்டார். "தேரோட்டத்துக்குள்ள வார் எட்டணும். ஆனா அரண்மனைக் குதிரை பட்டினி கிடக்குன்னு ஊர் சிரிக்கக் கூடாது. நாள் முழுக்க அது மேயணும். தவறினா நீ இந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

"உத்தரவு சாமி" என்று ஒச்சன் தலையைச் சொறிந்தான்.

களத்தில் போரடிக்கிற மாட்டுக்கு, தானியத்தைத் தின்னாமலிருக்க, வாய்க்கூடை கட்டுவார்கள். ஒச்சன் அப்படியொன்றைப் பனைநாரில் பின்னி, அடியில் சின்ன ஓட்டை விட்டு, பவளத்துக்கு மாட்டினான். ஓட்டை வழியாக நுனிப்புல்தான் வாய்க்கு எட்டியது. பவளம் பொழுதெல்லாம் மேய்ந்தது, தொப்பையும் கரைந்தது.

தேரன்று கூடையைக் கண்ட ஜமீன்தார் எகிறினார். "என் குதிரை வாயையே கட்டிட்டியாடா?"

"நாள் முழுக்க மேயணும்னீங்க, மேயுதுங்க சாமி. எவ்வளவு தின்னணும்னு நீங்க சொல்லலையே" என்றபடி ஒச்சன் வாரை இழுத்து மாட்டினான். கச்சிதமாக எட்டியது.

ஜமீன்தார் முறைத்துக்கொண்டே, தன் பானைத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு குதிரைமேல் ஏறினார். பவளம் 'ஹூம்' என்று முனகி, அவரோடு சேர்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற ஜமீன்தாரின் மனைவி ராணியம்மா, கணவரின் தொப்பையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்: "ஒச்சா, இதே மாதிரி இன்னொரு கூடை பின்னுவியா?"

ஒச்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பின்னிடலாங்கம்மா. ஓட்டை எவ்வளவு விடணும்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க."