டிரம்முக்கு ஒரு பங்கு

மொட்டையம்பட்டியில் அறிவுக்குக் குறைச்சல் இல்லை என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். யாரும் எடுத்துச் செலவு செய்யாததால் எல்லாம் அப்படியே இருந்தது.

அந்த ஊரில் ஒரு பேண்டு செட் உண்டு. நான்கு பேர், நான்கு வாத்தியம். தலைவர் தவசியண்ணன் கிளாரினெட் வாசிப்பார். ராக்கப்பன் பெரிய பித்தளைக் குழல் ஊதுவான். அதன் வாய் ஒரு அண்டா அகலம் இருக்கும். பூசைமணி பெரிய டிரம் அடிப்பான். நாலாவது ஆள் பரமன். அவன் கையில் இருந்தது கிலுக்கு. குலுக்கினால் உள்ளே கிடக்கும் விதைகள் சலசலக்கும். அவ்வளவுதான் அதன் சங்கீதம்.

பரமன் பிறவிக் கிலுக்குக்காரன் இல்லை. பதினோரு வருஷம் பெரிய டிரம் அவன் தோளில்தான் தொங்கியது. ஒரு கல்யாணத்தில், "நான் கையைத் தூக்கினதும் அடிச்சிரு, கெட்டிமேளம்" என்று தவசியண்ணன் சொல்லி வைத்திருந்தார். சொல்லிவிட்டு, மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டக் கையைத் தூக்கினார். பரமன் அடித்தான். சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை பதறிப்போய்த் தாலியைக் கட்டிவிட்டார். பெண்ணின் அப்பா அப்போதுதான் குளிக்கப் போயிருந்தார். அன்றைக்கே டிரம் பூசைமணி தோளுக்கு மாறியது. அதற்குப் பிறகு பரமன் சோற்றை உருட்டும்போதுகூட அவனுடைய இடது கை தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும்.

இப்படி இருக்கையில் செட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. கரடிமலை உச்சியில் மூன்று நாள் பாட்டுத் திருவிழாவாம். பட்டணத்துப் பிள்ளைகள் கூடாரம் அடித்துத் தங்கி, காலையிலிருந்து பாட்டுக் கேட்பார்களாம். மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டையம்பட்டி செட் வாசிக்க வேண்டும். தங்குவதற்குக் கூடாரம் தருவார்கள். சாப்பாட்டுச் செலவுக்கு மூவாயிரம் ரூபாயை முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள்.

தவசியண்ணன் பரமனைக் கூப்பிட்டார். சாப்பாடு, தண்ணி எல்லாம் உன் பொறுப்பு என்றார். ஒழுங்காக நடத்திக் காட்டினால் மேடையில் டிரம்மை அவனே அடிக்கலாம். பிறகு அது அவனுக்கே.

"ஆனா ஒண்ணு. மேடை ஏறுற வரைக்கும் நம்ம செட்டுல ஒருத்தன் வாயில இருந்தும் பசிங்கிற வார்த்தை வரக் கூடாது. வந்துச்சுன்னா நீ சாகுற வரைக்கும் கிலுக்குதான்."

பரமன் அன்றிலிருந்தே அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்தினான்.

அவன் மனைவி சிட்டம்மா விவரமானவள். அவள் வெளியூர்ப் பெண். மலையில் ஒரு தோசை நூற்றைம்பது ரூபாய் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். சாமான்களைக் கீழேயே வாங்கிக்கொண்டு போய்ப் பொங்கித் தின்னச் சொன்னாள். அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், மிளகாய்ப் பொடி எல்லாம் இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிந்தது. மீதி ஐந்நூறை ஒரு துணியில் முடிந்து அவன் இடுப்பில் கட்டினாள்.

"இது அவசரத்துக்கு மட்டும், சொல்லிட்டேன். சாமானைச் சரிசமமா மூணு மூட்டையாக் கட்டுங்க. ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. நாளைய மூட்டையை இன்னைக்குத் தொடக் கூடாது. இன்னைக்கு உள்ளதை நாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது, மலையில ஈரம் ஏறிப் பூசணம் பூத்துப்போகும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போய்விட்டாள். அதுதான் தப்பாகப் போனது.

சரிசமமாகப் பிரிக்க நான்கு பேரும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பருத்திக்கொட்டைக் கடைத் தராசுக்குப் போனார்கள். எல்லாம் சேர்த்து முப்பது கிலோ. மூட்டைக்குப் பத்துக் கிலோ. அரிசி மட்டுமே சரியாகப் பத்துக் கிலோ இருந்தது. அது முதல் நாள் மூட்டை. பருப்பு, எண்ணெய், வெங்காயம், உப்பு, மிளகாய்ப் பொடி எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோ, இரண்டாம் நாளுக்கு. பாத்திரங்கள், அடுப்பு, கரண்டி, டம்ளர், தீப்பெட்டி பத்துக் கிலோ; மூன்றாம் நாளுக்கு. ஒரு வெங்காயத்தைக்கூட இங்கிருந்து அங்கே மாற்ற வேண்டியிருக்கவில்லை. தராசுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர்கள் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

கரடிமலையில் வரிசையாகக் கூடாரங்கள். இவர்களுக்கு ஓரமாக, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒன்று. முதல் நாள் மத்தியானம் பரமன் முதல் மூட்டையை அவிழ்த்தான். அரிசி. ராக்கப்பன் அடிவரைக்கும் கைவிட்டுத் துழாவினான்.

"பானை?" என்றான் ராக்கப்பன்.

"பானை நாளான்னைக்கு" என்றான் பரமன்.

சரி என்று அரிசியைப் பங்கு போட ஆரம்பித்தார்கள். பேண்டு செட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. வரும்படியைப் பிரிக்கும்போது ஆளுக்கு ஒரு பங்கு, வாத்தியத்துக்கு ஒரு பங்கு. டிரம் தோல் கிழிந்தால், கிளாரினெட் சாவி உடைந்தால் வாத்தியம் தன் பங்கில் தானே சரிசெய்துகொள்ளும். வாத்தியத்தின் பங்கில் மனுஷன் கைவைக்க மாட்டான். வைத்தால் கை விளங்காது. தவசியண்ணனின் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். ஆகவே அரிசியும் எட்டுப் பங்கு ஆனது.

ஆட்கள் தங்கள் பங்கை ஈரத்துண்டில் ஊறவைத்து மென்றார்கள். பித்தளைக் குழலுக்கு வாய் பெரியது. அதன் பங்கைக் கொட்டியதும் உள்ளே போனது. டிரம்முக்குப் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு துளை உண்டு. பரமன் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அந்த வழியாகப் பொறுமையாக ஊட்டினான். கிளாரினெட் வாய் திறக்கவில்லை. கிலுக்கைக் குலுக்கிப் பார்த்தார்கள். அது வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருப்பது தெரிந்தது. அந்த இரண்டு பங்கையும், ஆட்கள் மெல்ல முடியாமல் வைத்த மிச்சத்தையும் டிரம்முக்கே கொடுத்தார்கள். மிச்சம் வைக்கக் கூடாதல்லவா. அது வேண்டாம் என்று சொல்லவில்லை.

"பூசைமணி, உன்கிட்ட இருந்த வரைக்கும் இது ஒழுங்காச் சாப்பிட்டதே இல்ல போலிருக்கு" என்றான் பரமன். பூசைமணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

இரண்டாம் நாள் பருப்பு, வெங்காயம், மிளகாய்ப் பொடி. அன்றைக்குக் கிளாரினெட்டும் எண்ணெய் மட்டும் கொஞ்சம் குடித்தது. ஆட்கள் வெங்காயத்தைக் கடித்தார்கள். பச்சைப் பருப்பை மென்று ராக்கப்பனுக்குத் தாடை பூட்டிக்கொண்டது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்த பட்டணத்துப் பெண் இவர்கள் கண்ணில் தண்ணீர் வடிவதைப் பார்த்துவிட்டு ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாப்பிடுங்கண்ணா. காலையில இருந்து வெங்காயம்தான் தின்னுக்கிட்டு இருக்கீங்க."

பரமன் மூன்று மூட்டைகளையும் மனசுக்குள் ஒருமுறை பார்த்தான். "இல்லம்மா, எங்க கணக்குல ரொட்டி வரல" என்றான் மரியாதையாக. ராக்கப்பன் ரொட்டியைப் பார்த்து "ப..." என்று ஆரம்பித்தான். பரமன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான். கையை எடுத்ததும் ராக்கப்பன், "பச்சைத் தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்ல வந்தேன்" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் பானை வந்தது. அடுப்பும் வந்தது. மூட்டையை அவிழ்த்தபோது கரண்டி பளபளவென்று மின்னியது. போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து டம்ளர்களில் ஊற்றினார்கள். எட்டு டம்ளர். குழலுக்கும் டிரம்முக்கும் சூடாகவே ஊற்றினார்கள். இரண்டு நாள் உணவின் மேல் வெந்நீர் குடித்தால் செரிக்கும் என்று தவசியண்ணன் சொன்னார். மத்தியானமும் அதையே செய்தார்கள்.

திருவிழாக் கடைகளிலிருந்து பரோட்டா வாசனை வந்தது. பூசைமணி முதல் தடவையாகப் பரமனின் இடுப்பு முடிச்சைப் பற்றிப் பேசினான். உடனே தவசியண்ணன் எல்லோரையும் உட்காரவைத்தார்.

"முடிச்சு எதுக்கு?"

"அவசரத்துக்குண்ணே" என்றான் பரமன்.

"அவசரம்னா எதிர்பாராம வர்றது. இப்ப நமக்கு வயித்துல இருக்கே, அது எதிர்பாராம வந்ததா?"

மூன்று பேரும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். "இல்லண்ணே, நேத்தும் வந்துச்சு" என்றான் பூசைமணி. முந்தாநாளும் வந்ததாக ராக்கப்பன் ஒத்துக்கொண்டான்.

"தினம் மூணு தடவை நேரந்தவறாம வர்றதுக்குப் பேரு அவசரமா?"

"அது பழக்கம்ணே" என்றான் பூசைமணி, தலையைக் குனிந்துகொண்டு. முடிச்சு அவிழவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மேடைப்படியில் கால் வைக்கும் முன்னால் தவசியண்ணன் நின்றார். அவருக்கும் லேசாகக் கிறுகிறுத்தது. ஆனாலும் பேச்சு பேச்சுதான். "மூணு நாளா யாராவது அந்த வார்த்தையைச் சொன்னீங்களா?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. பூசைமணி டிரம்மைக் கழற்றிப் பரமனிடம் கொடுத்தான். டிரம் கனமாக இருந்தது. நன்றாக வளர்ந்திருக்கிறது என்று பரமன் நினைத்துக்கொண்டான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அதன் வார் தோளில் பட்டதும் அவன் அதை இரண்டு தடவை இழுத்துச் சரிசெய்துகொண்டான்.

எதிரே ஆயிரம் பேர் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். தவசியண்ணன் கையைத் தூக்கினார். அது ஈ இல்லை என்று உறுதிசெய்துகொண்டு பரமன் ஓங்கி அடித்தான்.

"பொத்" என்றது டிரம்.

மறுபடி அடித்தான். ஈரச் சாக்கில் அடித்ததுபோல் மறுபடியும் பொத். இதற்குள் ராக்கப்பன் குழலை ஊதினான், சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்துக் கன்னம் சிவக்க இன்னொரு தடவை ஊதினான். ஊறிய அரிசியும் பருப்பும் மிளகாய்ப் பொடியும் குபீரென்று கிளம்பி முன்வரிசைத் தலைகள்மேல் விழுந்தன. முன்வரிசைக்காரர்கள் அட்சதை என்று நினைத்துக் கைகூப்பினார்கள். பிறகு தும்மினார்கள். பின்வரிசைக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று முன்னால் நெருக்கினார்கள்.

பரமன் அதை எதையும் பார்க்கவில்லை. டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, என் டிரம்முக்கு என்னமோ ஆயிருச்சு" என்றான். மைக் பக்கத்தில் இருந்ததால் ஆயிரம் பேருக்கும் கேட்டது.

தவசியண்ணன் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து டிரம்மின் வயிற்றைத் தட்டினார்.

"செரிக்கல. மூணு நாள் சாப்பாடு அப்படியே நிக்குது. இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படிச் சத்தம் வந்திருக்கா?"

"இல்லண்ணே."

"நாம எதிர்பார்த்தோமா?"

"இல்லண்ணே."

"அப்ப இதுதான்டா அவசரம்."

பரமன் மேடையிலிருந்து குதித்து ஓடினான். பரோட்டாக் கடையைத் தாண்டினான். தோசைக் கடையைத் தாண்டினான். சர்பத் கடையில் முடிச்சை அவிழ்த்து இஞ்சி சோடா கேட்டான். ஒன்று நூறு ரூபாய். ஐந்து பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகத் துளை வழியாக டிரம்முக்குக் கொடுத்தான். ஆயிரம் பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். தவசியண்ணன் மைக்கை டிரம்மின் வயிற்றருகே பிடித்தார்.

உள்ளே நுரைத்தது, குமுறியது. கடைசியில் துளை வழியாக மலை முழுக்கக் கேட்கும்படி, நீளமாக, திருப்தியாக ஒரு ஏப்பம் வந்தது.

அப்படி ஒரு கைதட்டலை மொட்டையம்பட்டி செட் அதுவரை வாங்கியதில்லை. அடுத்த வருஷமும் இதையே வாசிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஏப்பம் விட்டும் டிரம்முக்குச் சத்தம் திரும்பவில்லை. பாரம் இன்னும் இருக்கிறது, பட்டினி போட்டால்தான் சரியாகும் என்று தவசியண்ணன் வைத்தியம் சொன்னார்.

மறுநாள் காலையில் பரமன் டிரம்மோடு வீடு வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டிப்போய் வந்து நிற்கிறவனைப் பார்த்துச் சிட்டம்மா அடுப்பை மூட்டினாள். உலை வைத்தாள். சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் தட்டில் போட்டு முன்னால் வைத்தாள். பரமன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"டிரம்முக்குப் பசி எடுக்கிற வரைக்கும் பட்டினி போடச் சொல்லியிருக்காரு. பங்குன்னா எல்லாத்துலயும் பங்குதான். அது பட்டினி கிடக்கும்போது நான் எப்படித் தின்கிறது?"

"அதுக்குப் பசிச்சா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சிட்டம்மா.

"சொல்லும்."

டிரம்மை மடியில் தூக்கி வைத்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, அதன்மேல் காதை வைத்தான். சிட்டம்மா எதிரே உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழம்பு வாசனை வீடெல்லாம் நிறைந்தது. வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மிக ஆழத்திலிருந்து, குர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது.

பரமன் தலையைத் தூக்கினான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்திருந்தது.

"சொல்லிருச்சு" என்றான்.

சிட்டம்மா தட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் சோற்றை ஊதி ஆற்றினான். குழம்பை ஊற்றிப் பதமாகப் பிசைந்தான். கருவாட்டு முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துப்போட்டு, முதல் கவளத்தை டிரம்மின் துளைக்குள் ஊட்டினான்.