எல்லைக்கல்லில் உதறியது

தையல் மிஷினை மூன்று நாளைக்குப் பூட்டிவிட்டுத்தான் செண்பகவடிவு மலையடிவாரத்துக்கு வந்திருந்தாள். பதில் தெரியாமல் திரும்ப பஸ் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

இலுப்பைச் சாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுக்கு ஐம்பத்திரண்டு. அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரைச் சாமி என்பாள். கோவில்காட்டின் ஓரத்தில் ஒரு குடிசை, முன்னால் இலுப்பை மரம், அதன் கீழே சாமி. பதினோரு மாதமாக ஒவ்வொரு அமாவாசைக்கும் வந்து அவரிடம் மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் தேடி வந்தது ஒரே ஒரு வார்த்தையை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் லிங்கம், எதிர்வீட்டுப் பேச்சித்தாய் மகன் சுடலைமணியோடு மதகில் குளிக்கப் போனான். சுடலைமணி மட்டும் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் அவள் முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன். மயக்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவள் மேலே இருந்தாள். கீழே மேஜையில் பச்சைத் துணி மூடிய தன் உடம்பைப் பார்த்தாள். பக்கத்தில் லிங்கம் நின்றான். ஏதோ சொன்னான். கண் விழித்தபோது அவன் உதடு அசைந்தது ஞாபகம் இருந்தது. என்ன சொன்னான் என்பது இல்லை.

இதையெல்லாம் முதல் நாளே சாமியிடம் சொல்லியிருந்தாள். மயக்கம் தெளியாமல், வீடு திரும்பும்போது ஆட்டோவை வேறு வாசலில் நிறுத்தச் சொன்னதையும் சொல்லிச் சிரித்திருந்தாள்.

"கோவமா சொன்னானா, ஆறுதலா சொன்னானான்னாவது தெரியணும் சாமி," என்றாள் இப்போது. மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது. அவள் ரகசியம் சொன்னால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும் என்று தெருவில் கேலி உண்டு. "போன மாசம் மூச்சக் கவனிச்சு உக்காந்தப்ப, ரெண்டு தடவை உடம்ப விட்டு வெளிய போயிட்டு வந்தேன். நிச்சயமாத் தெரியுது, போனேன். திரும்பி வந்தா ஒண்ணும் இல்ல. ஏன் மறந்துபோகுது?"

"மறக்காம இருக்க என்ன செஞ்சீங்க?"

அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். நோட்டையும் பென்சிலையும் மணிக்கட்டில் நூலால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாளாம்.

சாமி சிரித்துவிட்டார். "கை இங்கதானம்மா இருந்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீங்க வழி சொல்லாம நான் போறதா இல்ல."

சாமி கோவில்காட்டைக் காட்டினார். உள்ளே சுனை வரை போய், தண்ணீரில் கை நனைத்துவிட்டு வரச் சொன்னார். காட்டிலிருந்து என்ன கொண்டு வந்தாள் என்று பிறகு சொல்ல வேண்டும்.

"அங்கேருந்து ஒரு சருகுகூட எடுக்கக்கூடாதே?"

"எடுக்கக்கூடாதுதான். எல்லாரையும் போல எல்லைக்கல்லுல நின்னு உதறிட்டு வாங்க."

அவள் போனாள். காட்டுக்குள் வெயில் துண்டு துண்டாக விழுந்தது. கிளைகள் மேலே கூடி நின்றன. எங்கோ ஒரு பறவை ஒருமுறை கூப்பிட்டு நிறுத்திக்கொண்டது. நடக்க நடக்க அவள் கால்கள் தாமாகவே மெதுவாயின. சுனையில் கை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தாள்.

திரும்பும்போது எல்லைக்கல்லருகே நின்றாள். கையை உலர்த்தினாள். முந்தானையை உதறினாள், கொசுவத்தை உதறினாள், விரலிடுக்கில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டிவிட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்வது அவள் வழக்கமில்லை.

சாமி கேட்டார். "என்ன கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல சாமி."

"என்ன? காதுல விழல."

"ஒண்ணும் கொண்டு வரல."

"ஏம்மா இவ்வளவு மெல்லப் பேசுதீங்க?"

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்த குரல் அப்போதும் சின்னதாகவே இருந்தது. "தெரியல. உள்ள சத்தமாப் பேசத் தோணாதுல்ல. அது இன்னும்..." என்று நிறுத்தினாள்.

"அத உதறலையா?"

இலுப்பை இலை ஒன்று அவள் மடியில் விழுந்தது. சாமி அதை எடுத்துக் கீழே போட்டார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னைக்கு, ஆட்டோவ யார் வாசல்ல நிறுத்தச் சொன்னீங்க?"

"பேச்சித்தாய் வாசல்ல." அவள் தலையைக் குனிந்தாள். "எதிர்வீட்ல."

"கதவ யாரு திறந்தா?"

"சுடலைமணி."

"அவங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவள் மணிக்கட்டைத் தடவினாள். நூல் கட்டியிருந்த இடம் அது.

"இப்படி மெலிஞ்சு போயிட்டியேல, சரியா சாப்பிடுதியான்னு கேட்டேன். கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டு அழுதான். ஏன் அங்க போனேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. ஊசி மயக்கம்னு நெனச்சேன்."

"ரெண்டு வருஷமா மிதிக்காத வாசல்," என்றார் சாமி. "யாரு சொல்லிப் போனீங்க?"

செண்பகவடிவு மூன்றரை மணி பஸ்ஸுக்கு எழுந்தாள்.