ஆள்காட்டியின் முட்டையில் எழுதியிருப்பது

மனிதர்கள் ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியால் குத்திக் குத்திக் கணக்கு எழுதிய அந்தக் காலத்தில், பறவை பேசினால் மனிதர் நின்று கேட்பார்கள். மனிதர் பேரம் பேசினால் பறவையும் லேசில் விடாது.

இரண்டு பெரிய ஆறுகளுக்கு நடுவே, சதுப்பு ஓரத்து ஊரில் மஞ்சள்காலி என்றொரு பறவை இருந்தது. இன்று நாம் ஆள்காட்டி என்கிறோமே, அதேதான். அன்றைக்கு அதன் முகத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். முட்டையும் பால்வெள்ளை. கத்தத் தெரியாது, ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அடிபட்டு அடிபட்டுத் தேறிய பறவை. முதல் தடவை இட்ட முட்டைகளைக் கீரி தின்றது. அடுத்ததை வெள்ளம் கொண்டுபோனது. இந்தத் தடவை கூரை இல்லாமல் முட்டையிடுவதில்லை என்று கோயில் களஞ்சியத்துக்கே விறுவிறுவென்று நடந்து போனது.

அங்கே கணக்கறையைக் காத்தவள் நின்கல்லா. அறை முழுக்க நாணல் கூடைகள். கூடைக்குள் எழுதிக் காயவைத்த மண்வில்லைகள். ஒவ்வொரு கூடையிலும் கயிற்றில் ஒரு மண்சீட்டு தொங்கும்; உள்ளே இருப்பது எந்தத் தெருக் கணக்கு, எந்த வருஷத்தது என்று அதுதான் சொல்லும்.

"உன் கூடைகளைக் கறையான் அரிக்கிறது. நான் தின்று தீர்க்கிறேன். மேலே இருக்கும் அந்தக் கூடையை எனக்குக் கொடு" என்றது மஞ்சள்காலி.

"பாதிக் கூடை தருகிறேன்."

"அப்படியானால் பாதிக் கறையானைத்தான் தின்பேன்."

நின்கல்லா சிரித்துவிட்டாள். "சரியான வாய்க்காரிடி நீ! ஏறிக்கொள். ஆனால் அந்நியன் எவனாவது வாசல் தாண்டினால் ஓடிவந்து என்னிடம் சொல்ல வேண்டும்."

வில்லைகளின் மேல் நான்கு முட்டை இட்டது. அடைகாத்தபடியே கீழே குனிந்து பார்க்கும். கீறல் கீறலாக இருக்கும் அந்த எழுத்து, சேற்றில் தன் கால் பதிந்த தடம் மாதிரியே இருக்கிறதே!

"இதில் என்னம்மா எழுதியிருக்கிறது? சாமி கதையா?"

"நெசவுத்தெரு ஆட்களுக்கு எவ்வளவு பீர், யார் வீட்டு விதை பார்லி எவ்வளவு உள்ளே இருக்கிறது, எத்தனை ஆடு. அவ்வளவுதான்."

"பூ! இதற்கா இத்தனை கட்டுக்காவல்?"

"விதைக்கிற நாள் வரட்டும், தெரியும்" என்றாள் நின்கல்லா.

ஒருநாள் உச்சிவெயிலில் ஊரே கால்வாய் தூர்வாரப் போயிருந்தது. நின்கல்லாவும் மண்வெட்டியோடு போயிருந்தாள். புசூர் என்ற படகு வியாபாரி மெல்ல உள்ளே தலையை நீட்டினான்.

"அக்கா, சத்தம் போட்டுவிடாதே. மலைநாட்டில் ஒரு பிரபு இவற்றை நல்ல விலைக்குக் கேட்கிறான். இந்த வில்லைகளில் மந்திரம் இருக்கிறதாம். சுவரில் பதித்தால் நோய் அண்டாதாம்."

மஞ்சள்காலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பீர் கணக்கைச் சுவரில் பதித்துக் கும்பிடப் போகிறானா! ஆனாலும் வாங்குகிறவனின் அறியாமையைத் திருத்துவது வியாபாரமா என்ன? போனால் போகட்டும், களிமண்ணுக்கா பஞ்சம், மறுபடி எழுதிக்கொள்வாள் என்று நினைத்தது.

"நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன தருவாய்?"

"முட்டைக்கு மெத்தையாக ஆட்டு ரோமம்."

"ரோமமா? வேலியில் ஒட்டிக்கிடப்பதைப் பொறுக்கினால் போதுமே. உன் கழுத்து மாலையில் இரண்டு சிவப்புக் கல் பளபளக்கிறதே, அதைத் தா."

"அடிப்பாவி! அது கடல் தாண்டி வந்த கல்."

"அப்படியானால் கால்வாய்ப் பக்கம் போய்க் கூப்பிடட்டுமா?"

புசூர் பல்லைக் கடித்தான். படகுக்குப் பூசும் தாரைத் தொட்டு, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கல்லையும் அதன் முகத்தில் ஒட்டினான்.

"என் கூடையில் கை வைத்தால் கண்ணைக் கொத்திவிடுவேன்."

"தொடுவேனா, அக்கா!"

மஞ்சள்காலி முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் முகம் பார்க்கப் போனது. இப்படித் திரும்பிப் பார்த்தது, அப்படித் திரும்பிப் பார்த்தது, நேரம் போனதே தெரியவில்லை. அடடா, நாம் பேசிய பேரம் என்ன பேரம்! திரும்பி வந்தால் அறை காலி. அறுத்தெறிந்த மண்சீட்டுகள் மட்டும் தரையெங்கும் கிடந்தன. சீட்டு இருந்தால் எங்கே திருடியது என்று காட்டிக்கொடுத்துவிடுமே! மேல் கூடையும் இல்லை. முட்டையும் இல்லை.

அப்போதுதான் அதன் தொண்டை பிய்த்துக்கொண்டது. அதுவரை அந்த ஊர் கேட்டறியாத கத்தல். கத்திக்கொண்டே படகைத் துரத்தியது. தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. கால்வாயிலிருந்து மண்வெட்டியும் கழியுமாக ஜனங்கள் ஓடிவந்தார்கள். பயந்துபோன புசூர், பாரம் குறைந்தால் தப்பலாம் என்று கூடைகளைத் தூக்கி வீசிவிட்டுப் படகைத் தள்ளினான்.

எல்லாம் சுடாத களிமண். தண்ணீரில் விழுந்தவை கண்ணெதிரே கரைந்தன. சில கரையில் விழுந்து தப்பின. மேல் கூடையும் கரைச் சேற்றில்தான் கவிழ்ந்து கிடந்தது. நான்கு முட்டையும் உடையவில்லை. ஆனால் சேறு ஏறி மண்ணிறமாகி, ஈர வில்லைகளோடு உருண்டதில் எழுத்து பதிந்து மேலெல்லாம் கறுப்புக் கீறல்.

தப்பிய வில்லைகளை நின்கல்லா மடியில் பொறுக்கினாள். "பார்லி என்று எழுதியிருக்கிறது. நெசவுத்தெருவா, குயவர்தெருவா? எந்த வருஷம்? சீட்டெல்லாம் அங்கே கிடக்கிறது, வில்லை இங்கே கிடக்கிறது. எதற்கு எது என்று இனி யார் சொல்வது?"

"மறுபடி எழுதிக்கொள்ளலாமே, அம்மா?" என்றது மஞ்சள்காலி.

"எதைப் பார்த்தடி எழுத?"

விதை யாருடையது என்று கரையிலேயே இரண்டு தெருவும் அடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தன. நின்கல்லா பறவையின் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கற்களைப் பார்த்தாள்.

மஞ்சள்காலி முகத்தை மணலில் தேய்தேய் என்று தேய்த்தது. தார் விடவில்லை, கல் சதையாகிவிட்டது. களஞ்சியத்துக்கு அது திரும்பிப் போகவில்லை. முட்டைகள் விழுந்த அதே வெறுந்தரையில் உட்கார்ந்து அடைகாத்தது. யாராவது கரையில் கால் வைத்தால் போதும், எழுந்து ஊரைக் கூட்டியது.

அன்றைக்குப் பிடித்த கத்தல் இன்றைக்கும் நிற்கவில்லை. ஆள்காட்டி கண்ணோரச் சிவப்போடு, கூரையே தேடாமல் கட்டாந்தரையில் முட்டையிடுவதும் அதனால்தான். அந்த முட்டையைக் குனிந்து பாருங்கள்: மண்மேல் எழுதிய மாதிரியே இருக்கும், எந்தக் கூடையிலிருந்து வந்தது என்று சொல்லும் சீட்டுதான் இருக்காது.