தேனடையும் புரதச் சங்கிலியும்

மலையடிக் காட்டின் ஓடைக்கரையில் அன்று இருந்தவர்கள் நால்வர்: பண்டிதக் கரடி, பாடம் கேட்க வந்த மந்தி, மந்தியின் குட்டி, எதையும் கேட்டே தீரும் மரநாய்.

கரடியின் கையில் தேனடை இருந்தது. தன் குரல் தனக்கு அளவுக்கு மீறிப் பிடிக்கும் என்பதைக் கரடி அறியும். அறிந்த குறை குறையாகாது என்று அது முடிவு செய்திருந்தது.

“அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அமில முனையும் ஓர் அமைன் முனையும் உண்டு. ஒன்றன் அமில முனை அடுத்ததன் அமைன் முனையோடு பிணையும். அப்படி நீளும் சங்கிலியே புரதம்.”

“சும்மாவே பிணைந்துவிடுமா, ஐயா?” என்றது மரநாய்.

“சும்மா எது கிடைக்கும்? அமில முனை ஓர் ஆக்சிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும் விட வேண்டும். அமைன் முனை ஒரு ஹைட்ரஜனை விட வேண்டும். விட்டவை நீராகி விலகும். பிறகுதான் பிணைப்பு.”

“அந்த நீர் திரும்பவும் உள்ளே புகுந்தால்?”

“பிணைப்பு அறுந்துபோகும். இதுகூடத் தெரியாதா உனக்கு?”

பாடம் அலுத்த குட்டி, அதற்குள் ஓடை நடுவிலிருந்த பாறைக்குத் தாவியிருந்தது. மலையில் பெய்த மழை ஓடையில் பெருகி வந்தது. பாறை மூழ்கத் தொடங்கியது.

“பண்டிதரே, நாம் மூவரும் கோத்துக்கொண்டால் குட்டியை எட்டிவிடலாம்,” என்றது மந்தி.

மரநாய் தன் அத்திப்பழத்தைக் கீழே போட்டது. கரடியும் ஒரு பெருமூச்சுடன் தேனடையைக் கரையோரம் வைத்தது. ஒரு கையால் மரவேரையும் மறு கையால் மரநாயின் பின்காலையும் பிடித்தது. மரநாய் மந்தியின் வாலைப் பற்றியது. மந்தி நீரில் நீண்டு, குட்டியை எட்டிப் பிடித்துவிட்டது.

அப்போது ஏறிய வெள்ளம் தேனடையைத் தூக்கிச் சென்றது. கரடி யோசிக்கவில்லை. மரநாயை விட்டுவிட்டுத் தேனடையைப் பிடித்தது.

மரநாயும் மந்தியும் குட்டியும் அடித்துச் செல்லப்பட்டு, கீழே ஒரு மூங்கில் புதரில் மோதிக் கரையேறினர். கரடி கரையோரமாக அங்கே ஓடி வந்தது. குட்டியின் கால் நசுங்கி வீங்கியிருந்தது.

“அறுந்த விதத்தைக் கொஞ்சம் விளக்குவீர்களா, ஐயா?” என்றது மரநாய்.

கரடி தன் கையிலிருந்த தேனடையைப் பார்த்தது. “விளக்க என்ன இருக்கிறது, தம்பி? இத்தனை நாளும் பாடத்தை ஊருக்கெல்லாம் சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் மட்டும் உட்காரவில்லை. இப்படி ஒரு மண்டூகத்துக்குப் பண்டிதப் பட்டம் வேறு.”

அது தேனடையை மந்தியிடம் நீட்டியது. மந்தி அதை வாங்காமல், குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் நடந்தது.

நீதி: விட்டதை மீட்கக் கை நீட்டுபவன், பற்றியிருக்கும் துணையைக் கைவிடுவான்.