மெழுகுத்தாளில் சுற்றிய காது

"சாமி, மழைக்காட்டுல காது மிஷின் நனைஞ்சா என்னாகும்?"

எங்க வீட்டுக்காரருதான் கேட்டாரு.

"அதை மிஷின்கிட்டதான் கேக்கணும்," ன்னாரு சாமி.

எங்க வீட்டுக்காரரு பேரு அய்யாத்துரை. கோவில்பட்டியில ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்து ஓய்வு வாங்கினவரு. ஒரு கேள்வி கேட்டாருன்னா பதில் வாங்காம இடத்தை விட்டு நகர மாட்டாரு. சாமி அவரைவிட வயசுல ரொம்ப இளையவரு. ஊருக்கு வெளியே பருத்திக் காட்டை ஒட்டி, கருவேல மரத்தடியில குடிசை போட்டிருக்காரு. வர்றவங்க கேக்குறதுக்கு நேரா பதில் சொன்னதா சரித்திரமே இல்லை. இருந்தும் எங்க வீட்டுக்காரரு அங்கதான் போவாரு.

மிஷின் என்னோடது. நான் சண்முகக்கனி.

வலது காது போயே போச்சு. இடது காது போய்க்கிட்டிருக்கு. மிஷின் வச்சா ஆளு பேசுறது விளங்கும். வைக்காட்டி, இடது காதுல வாயை வச்சுச் சத்தமா சொன்னா மட்டும்தான் விழும்.

"இந்தக் காதும் ரொம்ப நாள் தாங்காதும்மா," ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "ஆசைப்பட்டதை இப்பவே கேட்டுக்கங்க."

அவரு பாட்டுக் கச்சேரியை நினைச்சுச் சொல்லியிருப்பாரு.

எனக்கு மழை கேக்கணும்.

சிரிக்காதீங்க. எங்க ஊருக்கு மழை வர்றதே அபூர்வம். வந்தாலும் நான் உக்காந்து கேட்டதில்லை. தீப்பெட்டி ஒட்டின கை இது. ஒட்டின பெட்டியை வெயில்ல பரப்பியிருப்போம். ஒரு தூத்தல் விழுந்தா போதும், "அள்ளுங்கடி, அள்ளுங்கடி" ன்னு ஓட்டம்தான். என் ஆயுசுல பெஞ்ச மழை பூராவும் ஓடிக்கிட்டே நனைஞ்சது. ஒரே ஒரு மழையை, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், உக்காந்து கேக்கணும். காது இருக்கும்போதே கேக்கணும்.

டாக்டரைப் பாத்துட்டு பஸ்ல வரும்போதே சொன்னேன்.

"ஏங்க, மலை மேல மழைக்காடு இருக்காமே. நாள் கணக்கா பெய்யுமாமே. போவோமா?"

"போவோம், போவோம். பச்சைப் பசேல்னு இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி," ன்னாரு.

"கண்ணுக்கில்லைங்க…"

"போவோம்னு சொல்லிட்டேன்ல, விடு."

அதோட ஊர் பூரா சொல்லிட்டாரு, கனிக்குப் பச்சை பாக்கணுமாம்னு.

மக மதுரையில இருந்து விடுதியில ரூம் போட்டுக் கொடுத்தா. இவரு ரெண்டு தடவை தேதியைத் தள்ளிட்டாரு. முதல்ல சாமான் சேரலை. அப்புறம், சேர்ந்த சாமான் பத்தலை.

*

"சாமி, அங்க அட்டை கடிக்குமாம்."

"உன்னை மட்டுமா?"

"எல்லாரையும்தான்."

"அப்ப சரி."

"பிடிச்சுப் பிய்க்கக் கூடாதாம். நகத்தால ஓரமா தள்ளணுமாம். அட்டைக்குன்னே ஒரு காலுறை இருக்கு சாமி. முட்டி வரைக்கும் வரும்."

பையில இருந்து எடுத்துக் காட்டினாரு. சாமி வாங்கி, ரெண்டு காலையும் நுழைச்சு, நாடாவை இழுத்துக் கட்டி, குடிசையைச் சுத்தி ஒரு நடை நடந்தாரு. காவி வேட்டிக்குக் கீழ அதைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கலை.

"தேளு கொட்டுமா இதுல?" ன்னு கேட்டாரு.

"தெரியலையே சாமி."

"கொட்டாட்டி எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வா."

எங்க வீட்டுக்காரரு அதையும் மனசுல குறிச்சுக்கிட்டாரு. அப்படி ஒரு மனுஷன்.

"பருத்தி வேட்டி, பருத்திச் சேலை அங்க காயவே காயாதாம் சாமி. சீக்கிரம் காயுற துணியா எடுத்திருக்கேன். கைமூடின சட்டை. பளிச்சுன்னு கலர் ஆகாது, பறவை வராது. போன் அங்க எடுக்காது. கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாது. டார்ச்சு ரெண்டு. மாத்திரை டப்பா. ரெண்டு மழைக்கோட்டு. இவ கோட்டுல தலையோட காதையும் சேத்து மூடுற தொப்பி இருக்கு."

"பலே," ன்னாரு சாமி.

"இப்ப மிஷினைப் பாருங்க."

இதுதான் அவருக்கு உயிர். வாழ்நாள் பூரா ஈரத்தோட சண்டை போட்டவரு. குச்சி நமுத்துப் போனா ஃபோர்மேன் தலையிலதானே விழும். ஈரம்னு சொன்னாலே முகம் மாறிரும். ஒரு தகர டப்பாவை எடுத்தாரு. அதுக்குள்ள பிளாஸ்டிக் பை. அதுக்குள்ள மெழுகுத்தாள். மெழுகுத்தாளுக்குள்ள, மருந்து பாட்டில்ல போடுவாங்களே ஈரம் உறிஞ்சுற பொட்டலம், அது நாலஞ்சு. நடுவுல ஒரு கொட்டைப்பாக்கு.

"பாக்கு எதுக்கு?"

"ஒத்திகை சாமி. மிஷினுக்குப் பதிலா."

டப்பாவை மூடி, சாமியோட தண்ணிப் பானையில முழுசா முக்கிட்டாரு. கண்ணை மூடி எதையோ எண்ணினாரு. வெளியே எடுத்தாரு. பிரிச்சாரு. பிரிச்சாரு. பிரிச்சுக்கிட்டே இருந்தாரு.

"பாத்தீங்களா! பாக்கு நனையலை!"

"சந்தோஷம். பாக்குக்குக் காது கேக்குதா?"

எங்க வீட்டுக்காரரு டப்பாவைத் துடைச்சு மூடினாரு.

"அங்க இருந்து திரும்புற வரைக்கும் மிஷின் இதுக்குள்ளதான் சாமி இருக்கும். ஈரக்காத்து பட்டாக்கூட கெட்டுப் போகுமாம். இவளுக்கு என்ன வேணும்னாலும் நான் சொல்லிக்கிறேன். நான்தான் பக்கத்துல இருக்கேன்ல."

அந்த மனுஷன் முகத்துல அவ்வளவு அக்கறை. அவரை என்னன்னு கோவிக்க?

சாமி என் பக்கம் திரும்பினாரு.

"தாயி, நீ எதுக்குப் போறே?"

நான் வாயைத் திறந்தேன்.

"பச்சை பாக்கணுமாம் சாமி," ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"தாயி, நீ சொல்லு."

"டாக்டர் சொன்னதுல இருந்து இவ மனசு சரியில்லை சாமி. ஒரு மாத்தம் வேணும்னுதான்…"

சாமி எந்திரிச்சாரு. பருத்திக் காட்டுக்குள்ள இறங்கி, வெடிச்ச காய் ஒண்ணைப் பறிச்சாரு. நின்ன இடத்துலயே கொட்டையை எடுத்துட்டு, பஞ்சை ரெண்டா உருட்டினாரு. வந்து எங்க வீட்டுக்காரரு வலது காதுல ஒண்ணு, இடது காதுல ஒண்ணு, விரலால அழுத்தி அடைச்சாரு.

எங்க வீட்டுக்காரரு பிரசாதம் வாங்குற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. குருவாச்சே.

சாமி மறுபடி என்கிட்ட வந்து உக்காந்தாரு.

"இப்ப சொல்லு."

சொன்னேன். பெட்டி ஒட்டினது, அள்ளிக்கிட்டு ஓடினது, உக்காந்து கேக்காத மழை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுகை வந்துருச்சு. சாமி குறுக்க ஒரு வார்த்தை பேசலை.

எங்க வீட்டுக்காரரு என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் அழுகவும் பதறிட்டாரு.

"என்ன? என்ன சொல்றா சாமி?"

சாமி கையை ஆட்டினாரு. வாயை நல்லா அசைச்சு, அவருக்குப் புரியுற மாதிரி சொன்னாரு.

"ஒண்ணுமில்லை."

"அழுகுறாளே!"

"ஒண்ணுமில்லை. விடு."

எங்க வீட்டுக்காரரு முகம் செத்துப் போச்சு.

அந்த "ஒண்ணுமில்லை, விடு" எனக்கு நல்லாத் தெரியும். வீட்டுல எல்லாரும் சிரிப்பாங்க, என்னன்னு கேப்பேன், ஒண்ணுமில்லைம்பாங்க. கல்யாண வீட்டுல, பஸ்ல, டாக்டர் ரூம்ல, எங்கயும் அதேதான். கோவத்துல சொல்றதில்லை. திருப்பிச் சொல்ல அலுப்பு, அவ்வளவுதான். கேக்குற என் மனசு மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வெளியே போய் நிக்கும்.

அவரு அங்க போய் நின்னதை அன்னைக்குத்தான் பாத்தேன். பாவமா இருந்துச்சு.

அவரே பஞ்சை எடுத்தாரு. கீழ போடலை, கையிலயே வச்சுக்கிட்டாரு. என் முன்னால சம்மணம் போட்டு உக்காந்தாரு.

"கனி, எதுக்குப் போறோம்?"

கேட்டுட்டுச் சும்மா இருந்தாரு. நான் யோசிச்சேன், மூக்கைத் துடைச்சேன், தண்ணி குடிச்சேன். அப்பவும் சும்மா இருந்தாரு.

திரும்பவும் முழுசா சொன்னேன்.

அப்புறம் டப்பாவைக் கையில எடுத்துக்கிட்டு சாமியைப் பாத்தாரு.

"அப்ப இந்த மெழுகுத்தாள், டப்பா, இதெல்லாம் வேண்டாமா சாமி?"

"நான் எங்கப்பா வேண்டாம்னேன்? எல்லாம் வேணும். பாக்கை மட்டும் கொடுத்துட்டுப் போ. எனக்கு வெத்தலைக்கு ஆகும்."

*

போனோம்.

சும்மா சொல்லக் கூடாது, அவரு எடுத்து வச்ச சாமான் அத்தனையும் உதவுச்சு. காலுறைக்கு மேல அட்டை ஏறி ஏறி வழுக்கி விழுந்துச்சு. துணி காஞ்சுச்சு. கரண்டு போச்சு, டார்ச்சு எரிஞ்சுச்சு. ஒரே ஒரு அட்டை மட்டும் அவரு கழுத்துல ஏறிருச்சு. நகத்தால ஓரமா தள்ளுனேன். "பிய்க்காத, பிய்க்காத" ன்னு விடுதி பூரா கேக்குற மாதிரி கத்தினாரு. எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கங்க.

வராதது மழை மட்டும்தான். மழை வந்ததும் எடுக்கலாம்னு மிஷின் டப்பாவுலயே இருந்துச்சு. மூட்டம் போட்டுச்சு, பனி இறங்குச்சு, மழையைக் காணோம்.

"மழையே வராத ஊர்க்காரங்க வந்திருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு," ன்னேன்.

கிளம்புறதுக்கு முந்தின நாள் மத்தியானம் பிடிச்சுச்சு பாருங்க. வராந்தாவுல உக்காந்திருந்தோம். எதிர்ல நின்ன மரம் எல்லாம் ஒரே நேரத்துல வெள்ளையாகி மறைஞ்சுபோச்சு.

எனக்குச் சத்தமே இல்லை.

அவரு டப்பாவைத் தூக்கிட்டு ஓடி வந்தாரு. பிரிச்சாரு. தகரம், பிளாஸ்டிக், மெழுகுத்தாள்.

"நின்னுரப் போகுதுங்க!"

அவரு என் இடது காதுகிட்ட குனிஞ்சு கத்தினாரு. "இரு, இரு, வந்துட்டேன்."

"ஈரக்காத்து பட்டா கெட்டுப்போகுமே?"

"போனா போகட்டும் கனி!"

ஈரத்தைப் பத்தி அவரு அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மிஷினை அவரே என் காதுல மாட்டினாரு. முகத்தை முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டு நின்னாரு.

"கேக்குதா?"

கேட்டுச்சு. ரேடியோவுல ஸ்டேஷன் மாத்தும்போது வருமே, அந்த இரைச்சல். கரகரன்னு, தலைக்குள்ள ஒரே கரகரப்பு. திருகிப் பாத்தாரு. கூட்டினா கரகரப்பு கூடுச்சு. குறைச்சா ஒண்ணுமே இல்லை. மிஷினுக்கு ஆளு பேசுறதைத்தான் பிடிக்கத் தெரியும் போல. மழையைத் தெரியலை.

கழட்டி மடியில வச்சேன்.

"இது மழை இல்லைங்க," ன்னேன். "காது இன்னும் மங்கிருச்சு. நாம லேட்டா வந்துட்டோம்."

தாங்க முடியலை. ரெண்டு தடவை தேதி தள்ளினது, பஸ்ல அவரு கேக்காம விட்டது, எல்லாம் சேந்து வந்துச்சு. ஆனா ஒரு வார்த்தை சொல்லலை. சொன்னா அவரு உடைஞ்சுருவாரு.

அவரு மிஷினை எடுத்தாரு. மறுபடி சுத்தி வைப்பாருன்னு நினைச்சேன். சட்டைப் பையில போட்டுட்டு, படியில இறங்கி, வெறுந்தலையோட மழையில போய் நின்னாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. ரொம்ப நேரம் நின்னாரு. ஆளு சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டாரு. அவரும் பாவம், மழைன்னா "அள்ளுங்கடி" ன்னு கத்தினவருதானே. அவரு எங்க உக்காந்து கேட்டாரு?

திரும்பி வந்து என் இடது பக்கம் உக்காந்தாரு. காதுல வாயை வச்சாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல மிஷின் ஓடுற சத்தத்துக்கு மேல பேசிப் பழகின குரலு.

"முதல்ல உசந்த மரத்து உச்சியில விழுது கனி. அது பொடிச் சத்தம். பெட்டிக்குள்ள குச்சியைப் போட்டு ஆட்டிப் பாப்போமே, அது மாதிரி."

நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"அங்க இருந்து வழிஞ்சு கீழ அகல இலைக்கு வருது. அது பொத்து, பொத்துன்னு. அவசரமே இல்லை அதுக்கு."

"தகரக் கூரையில?"

"தகரத்துல பேய் மாதிரி அடிக்குது. இரு, அதைத் தள்ளி வச்சுட்டுக் கேக்கேன்… வாசல் பள்ளத்துல தண்ணி ஓடுது. சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வர்ற மாதிரி ஒரே பேச்சு. நடுவுல ஒரு தவளை, என்னை மாதிரி, குறுக்க குறுக்கப் பேசுது."

சிரிச்சேன்.

"இப்ப அந்த மலையில இருந்து புது மழை ஒண்ணு வருது. தூரத்துல வருது. உஸ்ஸுன்னு வருது. பள்ளத்தைத் தாண்டிருச்சு. கிட்ட வந்துருச்சு. இந்தா… வந்துருச்சு!"

எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. சத்தியமா சொல்றேன், கேட்டுச்சு.

சொல்லிக்கிட்டே இருந்தாரு. எவ்வளவு நேரம்னு தெரியாது. நான் எதுக்கும் எந்திரிக்கலை, எதையும் அள்ளலை, எங்கயும் ஓடலை.

நடுவுல ஒரு தடவை லேசா கண்ணைத் திறந்து பாத்தேன்.

முற்றத்துல வெயில் அடிச்சுக்கிட்டிருந்துச்சு. இலை எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. ஒரு பொட்டுத் தூத்தல் இல்லை.

அவரு அந்த வெயிலைப் பாத்துக்கிட்டேதான் என் காதுல சொல்லிக்கிட்டிருந்தாரு.

நான் திரும்பவும் கண்ணை மூடிக்கிட்டேன்.

"ஏங்க, இன்னும் பெய்யுதா?"

"கொட்டுது கனி," ன்னாரு.