பாதி செத்தவர்கள் வாங்கிய பாலம்

கொக்கராப்பட்டியில் வீடு இருபத்தாறு. இடிந்ததையும் சேர்த்தால் இருபத்தேழு. ஆட்கள் அறுபத்து மூன்று பேர். அறிவு எவ்வளவு என்று இதுவரை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஊருக்கும் பால் சொசைட்டிக்கும் நடுவில் ஒரு ஓடை. வருஷத்தில் நாற்பத்தொரு நாள் அதில் கழுத்தளவு தண்ணீர் போகும். அந்த நாற்பத்தொரு நாளும் குருவம்மாளின் ஒன்பது எருமைப் பாலும் இக்கரையிலேயே திரிந்துபோகும். இன்னும் ஒரு மழைக்காலம் இப்படிப் போனால் எருமைகளை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவள் அழுதாள். ஊர்த்தலைவர் வெயிலுமுத்து பாலம் கேட்டு மனுப் போட்டார்.

மேலதிகாரி வடநாட்டுக்காரர் என்பதால் மனு இங்கிலீஷில் இருக்க வேண்டும். டவுன் வாத்தியார் தேவசகாயம் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதினோராம் நாள் பதில் வந்தது: “செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறேன். மனுவில் உள்ளது அவ்வளவும் உண்மையானால் பாலம் உண்டு.”

மனுவில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளும் யோசனை அப்போதுதான் வந்தது. தலைவரும் குருவம்மாளும், யார் எங்கே போனாலும் கூடவே போகும் இருளப்பனும் டவுனுக்குப் போனார்கள். வாத்தியார் தமிழில் படித்துச் சொன்னார்.

“மழைக்காலத்தில் எங்கள் ஊர் ஒரு தீவு போல் ஆகிறது. எங்கள் ஓடை ஒரு சிங்கம். எங்கள் ஊரே கண்ணீரில் மிதக்கிறது. பாலம் இல்லாமல் நாங்கள் செத்துக்கொண்டிருக்கிறோம்.”

“நாலும் பொய்யி சார்,” என்றான் இருளப்பன்.

“பொய் இல்லப்பா, அலங்காரம். இங்கிலீஷ்ல இப்படி எழுதினாத்தான் மனசுல தைக்கும். முதலாவது சிமிலி. ‘போல்’ வருதா? நம்ம உவமைதான். ரெண்டாவதுல ‘போல்’ கிடையாது. சிங்கமேதான்னு அடிச்சுச் சொல்றது. அது மெட்டஃபர், உருவகம். மத்த ரெண்டும் ஹைப்பர்போலி. ஒண்ணைப் பத்தாக்கிச் சொல்றது.”

திரும்பும் பஸ்ஸில் ஆலோசனை நடந்தது.

“‘போல்’ இருக்கிற இடத்துல தப்பிச்சோம்,” என்றார் தலைவர். “தீவு போலத்தான், தீவு இல்லைன்னு சொல்லிக்கலாம். மத்த மூணையும் செஞ்சு காட்டியாகணும்.”

“ஓடையை எப்படிண்ணே சிங்கமாக்குறது?” என்றாள் குருவம்மாள்.

“சிங்கம்னா உறுமும். இருளப்பா, நீ பாறைக்குப் பின்னால உக்காந்து உறுமு.”

“நான் சிங்கத்தைப் பார்த்ததே இல்லியே, தலைவரே.”

“அவரும் நம்ம ஓடையைப் பார்த்ததில்ல. உறுமு.”

கண்ணீருக்குப் பன்னிரண்டு கிலோ வெங்காயம் வாங்கி, அறுபத்து மூன்று பேரும் உட்கார்ந்து அரிந்தார்கள். சேர்ந்தது அரை டம்ளர். அரை டம்ளரில் ஊர் எப்படி மிதக்கும்? ஊர்ப் பெயரைச் சீட்டில் எழுதி மிதக்க விடலாம் என்றாள் குருவம்மாள். எழுதினார்கள். ‘கொக்கராபட்டி’ என்று ஒரு ‘ப்’ குறைந்தது.

“அந்த எழுத்து மட்டும் முங்கிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்,” என்றார் தலைவர்.

சாவுக்குத்தான் நேரம் பிடித்தது.

“செத்துட்டோம்னு எழுதல,” என்றார் தலைவர். “செத்துக்கிட்டு இருக்கோம்னுதான் இருக்கு. முழுசாச் செத்தா அதுவும் பொய்யாயிரும்.”

“அப்போ பாதி.”

“இடது பாதியா, வலது பாதியா?”

ஒன்றே கால் மணி நேரம் பேசி, இடது பாதி என்று முடிவானது. இடது கண்ணை மூடி, இடது காலை விறைத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஜீப் வந்தது. இருளப்பன் நீங்கலாக அறுபத்திரண்டு பேரும் தெருவில் ஒற்றைக் கண்ணோடு மல்லாந்து கிடந்தார்கள். அதிகாரி வெலவெலத்துப்போனார்.

“என்னய்யா இது?” என்று கேட்டார் கூட வந்த குமாஸ்தா.

“செத்துக்கிட்டிருக்கோம் சார்,” என்றார் தலைவர், கிடந்தபடியே. “பாதி ஆயிருச்சு. மீதி ஐயா கையிலதான் இருக்கு. ஊரு அந்த டம்ளர்ல மிதக்குது, பார்த்துக்கிடுங்க.”

ஓடைப் பக்கமிருந்து ஒரு உறுமலும் இரண்டு இருமலும் கேட்டன. ஜீப் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பியது.

இருபதாம் நாள் உத்தரவு வந்தது: “ஊரே சாகும் தறுவாயில் கிடப்பதை நேரில் கண்டேன். அக்கரை மேட்டில் ஒரு சுடுகாடும், பிணங்களை அங்கே கொண்டுபோக ஓடையின் மேல் ஒரு பாலமும் கட்ட அனுமதிக்கப்படுகிறது.”

ஐந்தே மாதத்தில் பாலம் எழும்பியது. நீளம் முப்பத்து நான்கு அடி. மழை பிடித்த முதல் நாள், குருவம்மாள் பால் கேனோடு பாலத்தில் கால் வைத்தாள்.

“இறங்கு, இறங்கு!” என்று தலைவர் ஓடி வந்தார். “நீ பிணமா?”

“இல்லண்ணே.”

“பிணம் போறதுக்குன்னு சர்க்கார் எழுதியிருக்கு. உயிரோட போனா பாலத்தைப் பிடுங்கிருவாங்க.”

“பால் திரிஞ்சிருமேண்ணே!”

தலைவர் நின்ற இடத்திலேயே யோசித்தார். அவசரத்தில் அவருக்கு நன்றாகவே யோசனை வரும்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் குருவம்மாள் பாடையில் படுத்து, கேனை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறாள். பாடை பாலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. பால் ஒரு நாள்கூடத் திரியவில்லை. பாடை தூக்குகிறவர்கள் உயிரோடு இருப்பதால் பாலத்தில் ஏறக் கூடாது. அதனால் கயிறு கட்டி இழுக்கிறார்கள். இழுக்க அக்கரையில் நாலு பேர் வேண்டும் அல்லவா? அந்த நாலு பேரும் காலை ஐந்தரைக்கே கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஓடையைக் கடந்துவிடுகிறார்கள். மழையில் நனையாமல் இருக்க, பாலத்துக்கு அடியிலேயே போகிறார்கள்.