வெள்ளிக்கிழமைத் திரைச்சீலை

"எல்லாம் செஞ்சு பாத்தாச்சு சிஸ்டர். அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கறார்."

மனோரஞ்சிதம் உட்காரக்கூட இல்லை. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் தடித்த கையேடு. பல்கலைக்கழகத்தில் டீன் ஆனதிலிருந்து அவளுக்கு உட்காரும் பழக்கமே போய்விட்டது.

சிஸ்டர் எமரென்சியா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தது.

ஓய்வு பெற்ற கன்னியாஸ்திரீகள் தங்கும் இல்லம் அது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையிலேயே இருந்தது. ஒரு காலத்தில் சிஸ்டர் பெண்கள் கல்லூரிக்கு முதல்வர். மனோரஞ்சிதம் அங்கே புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். இப்போது இவளுக்கே தலை நரைத்துவிட்டது. சாயம் பூசி மறைத்திருக்கிறாள், அது வேறு விஷயம்.

"யாரு வாயைத் திறக்கல?"

"ஆவுடையப்பன் சார். இயற்பியல் பேராசிரியர்."

"என்ன பண்ணாரு?"

"பாடமே நடத்த மாட்டேங்கறார். வகுப்புக்குப் போறார், நாற்காலில உக்காந்து ஜன்னலைப் பாக்கறார், மணி அடிச்சா வந்துடறார். ஏன் சார்னு கேட்ட பையனை வெளியே போடான்னு கத்தியிருக்கார். நாளைக்குக் காலைல கமிட்டி. நான் சரின்னு சொன்னா சஸ்பென்ஷன். அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகற மனுஷன் சிஸ்டர். பேர் கெட்டு வீட்டுக்குப் போவார்."

"நீ கேட்டியா?"

"கூப்பிட்டுக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சுக் கேட்டேன். 'ஒண்ணுமில்லை மேடம்.' அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது."

"ம்."

"இதைப் பாருங்க. டீன்களுக்குன்னே கொடுத்திருக்காங்க. ஆசிரியர் குறைகளைக் கையாள்வது எப்படின்னு தனி அத்தியாயம். கண்ணைப் பாத்துப் பேசணுமாம். 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறேன்'னு சொல்லணுமாம். சொன்னேன். எனக்கு ஏதோ ஆயிடுச்சுங்கற மாதிரி பாத்தார்."

"அப்புறம்?"

"உதவி எண் ஒண்ணு இருக்கு. போட்டா வீணை வாசிக்குது. கொஞ்ச நேரம் வாசிச்சுட்டுக் கட்டாயிடுது. பயிற்சி வகுப்புக்கும் போனேன். பலூன் ஊதச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"ஊதின எனக்கே தெரியல."

சிஸ்டர் கையேட்டை வாங்கிக் கையில் எடை பார்த்தார். சர்ச் பீடத்தில் விரிப்பதற்காகத் தைத்துக்கொண்டிருந்த பீடத்துணி மின்விசிறிக் காற்றில் பறந்தது; அதன் மேல் வைத்தார். துணி அடங்கியது.

"நல்ல புத்தகம்."

மனோரஞ்சிதம் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"விளையாடாதீங்க சிஸ்டர். எனக்கு மூச்சு விட நேரமில்ல. நான் டீனாப் போன நாள்லேர்ந்து என் ரூம் கடிகாரம் ஓடலை. அதைக்கூடக் கவனிக்க முடியல."

"அவரு நல்ல வாத்தியாரா?"

"நல்ல வாத்தியாராவா! லேப்ல எந்தக் கருவி கெட்டாலும் வெளி ஆளைத் தொட விடமாட்டார். அவரே பிரிப்பார், அவரே மாட்டுவார், மாட்டிக்கிட்டே பேசுவார். பசங்க சுத்தி நின்னு கேப்பாங்க. இப்ப அதுவும் இல்ல."

சிஸ்டர் மெஷினை ஓட்டினார். மெஷின் எண்ணெய் வாசனை. கஞ்சி போட்ட துணியின் வாசனை. மனோரஞ்சிதத்துக்கு வந்த வேலை சற்று மறந்துபோயிற்று.

"ஞாபகமிருக்கா சிஸ்டர்? வெள்ளிக்கிழமை மத்தியானம்னா உங்க ரூம்ல திரைச்சீலை."

"ஆமா."

"யாரையாவது கூப்பிடுவீங்க. கண்ணு தெரியல, இந்த ஊசியைக் கோத்துக் கொடும்பீங்க. கோத்துக் கொடுத்தாலும் விடமாட்டீங்க. அந்த ஓரத்தை நீ தை, இந்த ஓரத்தை நான் தைக்கறேன். திரும்பி வர்றவ புடவையெல்லாம் நூல். ஸ்டாஃப் ரூமே சிரிக்கும். எம்.ஏ. படிச்சது இதுக்குத்தானான்னு அமலோற்பவம் கத்துவா."

"அமலோற்பவம் தையல் கோணல்."

"எப்பப் பாரு அதே பச்சைத் துணி. ஒரு காலேஜுக்கு எத்தனை திரைச்சீலைதான் வேணும்?"

சிஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

கல்லூரி முற்றத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரம் உண்டு. மணி அடித்ததும் அதன் கீழே பெண்களின் இரைச்சல் கூரையைப் பிய்க்கும். முதல்வர் அறைக்குள் மட்டும் அது வராது. அங்கே இரண்டு பேர் குனிந்து ஒரே துணியைத் தைத்துக்கொண்டிருப்பார்கள்.

"சேர்ந்த வருஷமே என்னையும் கூப்பிட்டீங்க. பாதி வகுப்புல எழுந்து போயிடறேன்னு பொண்ணுங்க போட்டுக் கொடுத்துட்டாளுங்க. வேலை போச்சுன்னு நெனச்சுத்தான் வந்தேன். நீங்க அந்தப் பேச்சையே எடுக்கல. ஊசியைக் கொடுத்தீங்க."

"ம்."

"ஓரம் பாதி ஆனப்பதான்..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஓரம் பாதி ஆனபோதுதான், கலைந்துபோன குழந்தையைப் பற்றிச் சொன்னாள். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாதது. காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்றும் சொன்னாள். தலை நிமிராமல், துணியிடம் சொல்வதுபோல. சிஸ்டரும் நிமிரவில்லை. "தையலைக் கொஞ்சம் நெருக்கிப் போடு" என்றது மட்டும்தான் நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் அவளுடைய காலை வகுப்புகளெல்லாம் மதியத்துக்கு மாறியிருந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மனோரஞ்சிதம் மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தக் காலம் வேற சிஸ்டர். உங்ககிட்ட எல்லாரும் தானா வந்து சொன்னாங்க. எங்கிட்ட யார் சொல்றா?"

மெஷின் நின்றது. பீடத்துணியின் மூலையைக் கையால்தான் தைக்க வேண்டும். சிஸ்டர் ஒரு ஊசியை எடுத்தார்.

"கொடுங்க, நான் கோத்துத் தரேன். உங்களுக்குத்தான் அப்பவே கண்ணு தெரியாதே."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தினார். ஊசியை மூக்குக்கு நேரே பிடித்தார்.

நூல் முதல் தடவையிலேயே உள்ளே போய்விட்டது.

மனோரஞ்சிதம் ஊசியைப் பார்த்தாள். சிஸ்டரைப் பார்த்தாள்.

"கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்லையே. எனக்குத் தூரத்துல இருக்கறதுதான் தெரியாது, சின்ன வயசுலேர்ந்து. கிட்டத்துல எப்பவும் நல்லாத் தெரியும்."

மின்விசிறி சுற்றியது. கையேட்டுக்கு அடியில் துணியின் ஓரம் துடித்தது.

"அப்ப அத்தனை திரைச்சீலை?"

"ஒண்ணேதான். சனிக்கிழமை உக்காந்து தையலைப் பிரிச்சு வச்சுடுவேன்."

மனோரஞ்சிதம் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் ஆவுடையப்பன் சார் லேப்லதான் இருப்பார்."

"ம்."

"சிஸ்டர், என் ரூம் கடிகாரத்தை அவர்கிட்ட..."

சிஸ்டர் மெஷினின் டிராயரைத் திறந்தார். பாபின்களுக்கு நடுவே துழாவி, மெஷினோடு வந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

"ஞாபகமாத் திருப்பிக் கொடு. வாங்கிட்டுப் போறவளுங்க ஒருத்தியும் கொடுக்கறதில்ல."